முதல் வரி மட்டும்

சிலுவைப்பிச்சை கட்ட வேண்டியிருந்த பாக்கி ஒன்பது லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். நிலவுக்குப் போகிற கூலி, உறைச்சட்டை, மூச்சுக் குடுவை, பயிற்சி முகாமில் தின்ற சோறு, எல்லாம் அதில் அடக்கம். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே வந்த யாருக்குமே அதற்குக் குறைந்து கடன் கிடையாது.

எங்கள் குழி நிலவின் தெற்கு முனையில் இருந்தது. சூரியன் எட்டியே பார்க்காத இடம். அடியில் கிடக்கிற பனிக்கட்டியை வெட்டி மேலே ஏற்றுவது வேலை. குழியின் விளிம்பில் வீடு உயரத்துக்குக் கண்ணாடிகளை நிறுத்தி, அங்கே படுகிற வெயிலை உள்ளே திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் வெட்டுவோம். வேலை முடிந்து சட்டையைக் கழற்றினால் மண்ணிலிருந்து வெடித்த பட்டாசின் நாற்றம் வரும். தீபாவளிக்கு மறுநாள் தெருவைப் பெருக்குகிற மாதிரி இருக்கும். முதல் மாதம் அதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு விட்டுவிட்டோம்.

ஆளுக்கொரு கைப்பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம். அதில் பேச முடியாது, மெயில் மட்டும்தான். தலைக்கு மேலே செயற்கைக்கோள் போகும்போது அதோடு இணைந்து வந்த மெயிலை இறக்கிக்கொள்ளும். குழிக்குள் கோள் எட்டாது. அதனால் வாரத்துக்கு ஒருநாள் விளிம்புக்கு ஏற்றிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, வாசலில் சோதனை. எல்லாரும் வரிசையாக நின்று பெட்டியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்போம். குழிக்குள் இறங்கும்போது பெட்டியைப் படுக்கையிலேயே வைத்துவிட வேண்டும். அந்தக் குளிரில் அது செத்துப்போகும்.

எனக்கு மெயில் போட ஆளில்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாயிற்று, பிள்ளை கிடையாது. அண்ணனோடு வீட்டுச் சுவர் தகராறில் பேச்சு நின்றுபோனது. என் பெட்டி இணைந்தால் கம்பெனி அறிவிப்பு வரும். அதையும் விடாமல் படிப்பேன். நாற்பத்து மூன்று வயதில், பயிற்சி முகாமில், எச்சரிக்கைப் பலகை படிக்கத் தெரிந்தால்தான் அனுப்புவோம் என்றதால் கற்றுக்கொண்ட எழுத்து. சும்மா விட்டால் மறந்துபோகும் என்று பயம்.

சிலுவைப்பிச்சை என் பக்கத்துப் படுக்கை. உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஒருநாள் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் நின்றிருந்த பனித்திட்டு அப்படியே உள்ளே போனது. அங்கே காற்று இல்லை, சத்தம் வராது. திரும்பிப் பார்த்தேன், அவன் நின்ற இடத்தில் இடம் இல்லை. தேடினார்கள். பிறகு அந்தப் பக்கம் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள்.

அவன் பெட்டி தலையணைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு இணைப்பறைக்குப் போனேன். அங்கே பிரமிளா மேடம், நாகர்கோவில்காரி. தளத்துப் பெட்டிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான்.

“மேடம், இது பிச்சை பெட்டி. வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“யாருகிட்டயும் காட்டினீங்களா அண்ணாச்சி?”

“இல்ல.”

“காட்டாதீங்க. இத அனுப்பினா அந்தப் பொம்பள தலையில கல்லத் தூக்கிப் போட்ட மாதிரிதான்.”

“ஆளு போயிட்டான் மேடம். நான் பக்கத்துல நின்னேன்.”

“நீங்க நின்னீங்க. கம்பெனி நிக்கலயே. உடம்பு கிடைக்கலன்னா அவங்களுக்கு அது சாவு இல்ல. சாவுன்னு எழுதினா நஷ்டஈடு குடுக்கணும். தேடிட்டிருக்கோம்னு எழுதியாச்சு. இனி எப்பவும் தேடிட்டேதான் இருப்பாங்க.”

“கடன் குடுத்தவன் கேக்க மாட்டானா?”

“அவன் பூமியில இருக்கான். அவனுக்கு இந்தப் பெட்டிதான் ஆளு. பெட்டி இணைஞ்சுட்டே இருந்தா, ஆளு இங்க வேலையில இருக்காருன்னு அர்த்தம். கடன கம்பெனிதான் கட்டியாகணும். பத்து நாள் இணையலன்னா, ஆளு ஓடிட்டாரு. கடன் ஜாமீன் போட்டவங்க மேல.”

“ஜாமீன் யாரு?”

“பொண்டாட்டி.”

“ஓடிட்டானா? நிலாவுலருந்து எங்க மேடம் ஓடுவான்? வள்ளியூர் பஸ் ஏறியா?”

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கித் தன் மேசைக் கருவியில் பொருத்தினாள்.

“மெயில தொறக்க அவரு வெரல் வேணும். அது என்னால ஆகாது. இணைப்பு நேரம் மட்டும் இங்கருந்து மாத்தலாம். கையால அமுக்கினாத்தான் இணையுற மாதிரி வச்சிருக்காரு. நான் தானா இணையுற மாதிரி போடுறேன். கோள் கண்ணுல பட்டா போதும், இது பாட்டுக்கு இணைஞ்சுக்கும்.”

“எத்தன நாளைக்கு?”

“ஒப்பந்தம் முடியுற வரைக்கும். இன்னும் பதினாலு மாசம். அதுவரைக்கும் இணைஞ்சுட்டே இருந்தா அந்தப் பொம்பளைக்குக் கடன் இல்ல.” பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “ஆனா இத யாராச்சும் விளிம்புல வச்சிருக்கணும். அடிக்கடி. சோதனைக்குத் தப்பி.”

விளிம்பில் நிரந்தரமாக இருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கண்ணாடி துடைப்பது. நிலவுத் தூசி கண்ணாடியில் பூனை மயிர் போல ஒட்டும். தூரிகையால் மெதுவாக விலக்க வேண்டும். ஒரே ஆள், துணை கிடையாது, பேச்சுக் கிடையாது. வெட்டுக்கூலியில் பாதிதான் வரும். முன்னே அதைச் செய்தவன் தனக்குத்தானே பேச ஆரம்பித்து ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தான். கேட்டவுடன் எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“ஏ வெயிலு, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?” என்றான் கூட வெட்டுகிற இசக்கிராசா. “பாதிக் கூலிக்கு அங்க போயி மூஞ்சி பாக்கப் போறியா? ஒன் மூஞ்சிக்கு அம்புட்டுப் பெரிய கண்ணாடி எதுக்குல?”

“ஒன் மூஞ்சி அளவுக்கு இங்க கண்ணாடி இல்லயேன்னுதான் போறேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். குழியில் நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பெட்டியைத் தூரிகைப் பைக்குள் துணி சுற்றி வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் கங்காணி வந்து எங்கள் படுக்கைகளையெல்லாம் புரட்டினான். “பிச்சை பெட்டி எவன்ட்ட இருக்கு? கடன்காரன் கம்பெனிய நெருக்குதான். ஆளில்லாத பெட்டி எப்படி இணையுது?” என்று கத்தினான். தூரிகைப் பை விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஏறிப் பார்க்க அவனுக்குச் சோம்பல்.

விளிம்பில் வெயில் படுத்தவாக்கில் அடிக்கும். பூமி அடிவானத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கும், ஏறாது, இறங்காது. கோள் வந்ததும் பெட்டி அதிரும். துணியை விலக்கிப் பார்ப்பேன். பெட்டி பூட்டியே இருந்தாலும், வந்த மெயிலின் முதல் வரி மட்டும் முகப்பில் தெரியும்.

“அன்புள்ள அத்தானுக்கு, செசிலி எழுதுவது. நலம், நலமறிய ஆ”

அதோடு வரி முடிந்துவிடும். மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த தடவையும் அதேதான். கடிதம் எழுதுகிற முறை தெரிந்த பெண். கீழே என்னென்ன எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த “ஆ”தான். இரண்டு மாதம் வரைக்கும் அப்படியே வந்தது. எனக்கென்றால் அதுவும் போதும் போலிருந்தது. தலைக்கூட்டுக்குள் அதை வாய்விட்டுப் படிப்பேன். எழுத்து மறக்காமல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் அன்புள்ளவும் இல்லை, அத்தானும் இல்லை.

“இன்னைக்குச் சாளை மலிவு. சாப்பிட்டாச்சா?”

கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்தேன். பதில் போடாத புருஷனுக்கு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எதிலும் கோபம் இல்லை.

“காத்து தூக்குது, கூரையில ரெண்டு ஓடு போச்சு.”

“பெரியவ பாஸாயிட்டா. சின்னவன் பல்லு விழுந்துட்டு.”

“அங்க காத்தே இல்லியாமே, வேர்வை எப்படிக் காயும்?”

“காயாது தாயி, சட்டைக்குள்ளயே நசநசன்னு கெடக்கும்” என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எனக்கு முன்னே இந்த வேலையில் இருந்தவனை ஏன் ஊருக்கு அனுப்பினார்கள் என்று.

எல்லாமே ஒரு வரியில் முடிந்தன. முகப்பில் அடங்குகிற அளவுக்குச் சரியாக. கோள் வருகிற நேரத்தை எதிர்பார்த்தே நான் தூரிகை பிடித்தேன். சாப்பிடும்போது இசக்கிராசா ஏதாவது கேட்டால் காதில் விழாது. அவனும் விட்டுவிட்டான். சாளை மீன் மலிவென்றால் எனக்குச் சந்தோஷம். மழை என்றால் அந்தக் கூரையை நினைத்துக் கவலை. பார்த்தறியாத வீடு.

ஒருநாள் வந்த வரி: “ஒத்தையில இருக்கியளோ?”

அன்றைக்குக் கண்ணாடி துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை அந்தக் கேள்வி கேட்டவர்கள் யாரும் கிடையாது. கேட்டது என்னையும் இல்லை. செத்துப்போன ஒருவனுக்கு அவன் பெண்டாட்டி எழுதுகிறதை நான் ஒளிந்துநின்று தின்றுகொண்டிருக்கிறேன். பெட்டி இணைகிற ஒவ்வொரு தடவையும் அங்கே ஒருத்திக்கு, புருஷன் இருக்கிறான் என்று ஆகிறது. கடனிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவளை ஏமாற்றிக் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

பிரமிளா மேடத்திடம் போனேன்.

“அவளுக்கு ஒரு மெயில் போட்டுச் சொல்லிருவோம் மேடம்.”

“இங்கருந்து போற மெயில் எல்லாம் கம்பெனி படிக்கும். சொன்ன அன்னைக்கே பெட்டியப் புடுங்கிடுவாங்க. ஒம்பது லட்சம் அவ கழுத்துல.”

“அவ புருஷன் வருவான்னு நெனச்சிட்டிருக்கா.”

“நெனைக்கட்டும். கடனோட அழுறதுக்கு, கடன் இல்லாம அழட்டும்.”

“அத நீங்களும் நானும் முடிவு பண்ணலாமா?”

அவள் மேசையில் கிடந்த வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

நான் பெட்டியை அணைத்துவிட்டேன். உண்மை தெரியட்டும், கடன் வந்தால் ஊர் உலகம் எதாவது பார்த்துக்கொள்ளும் என்று. ஒரு வாரத்துக்கு மேல் அதைத் தொடவில்லை. கண்ணாடி மட்டும் துடைத்தேன். அந்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் கடந்ததில்லை. பூமி அங்கேயே தொங்கியது. எந்த ஊரில் மழையோ, எந்தக் கரையில் சாளையோ. பத்தாவது நாளுக்கு முந்தின நாள், இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவோம் என்று பெட்டியை உயிர்ப்பித்தேன். கோள் வந்தது. ஒரே அதிர்வாக அதிர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, கடைசியாக முகப்பில் நின்ற வரி இதுதான்:

“நிப்பாட்டிராதிய.”

அதற்குப் பிறகு நான் பெட்டியை அணைக்கவில்லை. சரி தப்பு பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

என் ஒப்பந்தம் அவனுடையதற்குச் சில வாரம் முன்னால் முடிந்தது. நான் பெட்டியைக் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பிரமிளா மேடம் வழியனுப்ப வந்து, சோதனைக்காரனோடு எதையோ பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அவன் என்னைப் பார்க்காதபடிக்கு. பூமியில் இறங்கியதும் கால் உடம்பைத் தாங்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் சுவரைப் பிடித்து நடக்கப் பழகினேன். ஒரு நல்லது, பூமியில் கோளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டி தலைமாட்டில் கிடந்து அது பாட்டுக்கு இணைந்துகொண்டிருந்தது. எங்கிருந்து இணைகிறது என்பது கணக்கில் விழாது என்று பிரமிளா மேடம் சொல்லியிருந்தாள். அவள் வரிகளும் வந்துகொண்டிருந்தன.

பிச்சை ஒப்பந்தத்தின் கடைசி நாளில்தான் நடந்துபோகிற தெம்பு வந்தது. பஸ் பிடித்து, பிச்சை எப்போதோ சொல்லியிருந்த கோயிலுக்குப் பின்னால் விசாரித்து, அந்த வீட்டு வாசலில் நின்றபோது மதியம் தாண்டியிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா, ஒங்க வீட்டுக்காரர் இறந்து ரொம்ப நாளாச்சு, என்னை மன்னிக்கணும்.

கதவைத் திறந்தவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ. கழுத்தில் தாலி. கையில் இறால் ஓடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள், தள்ளாடுகிற என் காலைப் பார்த்தாள்.

“நிலாவுலருந்தா?”

“ஆமாம்மா. நான் வந்து, ஒங்க வீட்டுக்காரரு…”

“உள்ள வாங்க.” சட்டென்று என் பேச்சை வெட்டினாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல், “செசிலி, யாருட்டீ வந்திருக்கா?” என்றது. இவள் தெருவுக்கே கேட்கும்படி, “அவிய கூட வேலை பாக்கவிய! ஊருக்கு வந்திருக்காவ!” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“நீங்கதானா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“பேரு என்ன?”

“வெயிலுமுத்து.”

“இம்புட்டு நாளும் பேரு தெரியாத ஆளுக்கு எழுதியிருக்கேன்.” இறால் ஓட்டை விரலிலிருந்து உரித்துப் போட்டாள். “எந்தூரு, என்ன வயசுன்னும் தெரியாது. அதான் சாப்பிட்டாச்சான்னு கேட்டு வச்சேன். அது எல்லாருக்கும் பொதுதான்.”

“ஒங்களுக்கு… தெரியுமா?”

“அவிய இருந்தப்ப, வாரத்துல ஒருநாள் மொத்தமா இறக்குவாவ. மெயில் போய்ச் சேந்துட்டுன்னு என் கைப்பேசியில ஒரு கோடு விழும். படிச்சதும் ரெண்டாவது கோடு விழும். திடீர்னு ஒருநாள்லருந்து ஒரு கோடுதான். தெனமும் தவறாம விழுது, ரெண்டாவது விழ மாட்டேங்கு. சம்பளமும் வரல. கம்பெனியக் கேட்டா, தேடுதோம்ங்கான்.” அவள் குரல் தணிந்தது. “தொறக்க வெரல் வேணும்லா அண்ணாச்சி. வெரல் இல்லன்னா ஆளு எங்க இருப்பாவ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆனா ஒரு கோடு விழுதே. எவரோ பெட்டியத் தூக்கிட்டுத் திரியாவ. எதுக்குன்னு யோசிச்சேன். ஜாமீன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டவ நான். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். பத்து நாள் கணக்கு எனக்கும் தெரியும். பூட்டின பெட்டியில முதல் வரிதான தெரியும்? நான் பாட்டுக்கு நலம் நலமறிய ஆவல்னு எழுதிட்டிருந்தா அந்த ஆளு என்னத்தப் படிப்பாரு? அதான் அதெல்லாம் விட்டுட்டேன். கம்பெனிக்காரன் படிச்சாலும் புருஷனுக்கு எழுதின மாதிரி இருக்கணும், அந்த ஆளுக்கும் போய்ச் சேரணும்.”

“நான் ஒங்கள ஏமாத்துறேன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் நிறுத்திக்கூட வச்சேன்.”

“தெரியுமே. ஒம்பது நாளு எனக்குச் சோறு இறங்கல.”

“அவன் எப்படி…” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லாதிய!” பாய்ந்து வந்து என் வாயைப் பொத்துகிற மாதிரி கையை நீட்டினாள். “இப்ப சொல்லாதிய. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஒப்பந்தம் முடியுது. அதுவரைக்கும் அவிய வேலையில இருக்காவ. நீங்க சொல்லிட்டா என்னால அடக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஊசி விழுந்தாக் கேக்கும். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளையளுக்கும் சொல்லல. ஞாயித்துக்கிழமை பூசையில பூ வச்சிட்டு நிப்பேன், சாமியார் வெளியூர்ல வேலை பாக்கவங்களுக்கு வேண்டிக்கிடுவாரு, நானும் ஆமேன்னு சொல்லுவேன்.”

பிறகு எனக்குச் சோறு போட்டாள். சாளைக் குழம்பு. இரண்டு ஓடு புதிதாக மாற்றியிருந்ததைக் காட்டினாள். அங்கே தண்ணீர் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டாள். நான் அவள் வரிக்கெல்லாம் வாய்விட்டுச் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேர்வை சட்டைக்குள்ளேயே கிடக்கும் என்றதும் முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கடிகாரத்துக்குப் போய்வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே தங்கச்சி வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தாளாம்.

ஐந்து மணி ஆனது. பெட்டி இணையவில்லை. ஐந்து தாண்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி நேரத்தில் கம்பெனி எதையாவது கண்டுபிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தாள்.

பெட்டி அதிர்ந்தது. முகப்பில் ஒரு வரி.

“ஒப்பந்தம் நிறைவுற்றது. தங்கள் பெயரில் கடன் பாக்கி ஏதும் இல்லை.”

எழுத்துக் கூட்டி நான்தான் வாசித்தேன். அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவள் பெட்டியைக் கையில் எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். முகப்பு இருண்டு அணைகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

“இப்பச் சொல்லுங்க” என்றாள்.

நான் சொன்னேன். பனித்திட்டு, சத்தமில்லாமல் போனது, கயிறு கட்டி அடைத்தது, எல்லாம். குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டாள். முடிந்ததும் தலையிலிருந்த பூவை உருவித் தரையில் வைத்தாள். எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். நிலைப்படியில் உட்கார்ந்து, தெருவுக்கெல்லாம் கேட்கும்படி அழத் தொடங்கினாள்.